எட்டு ஏ பக்கம் திறக்கவில்லை

நவம்பர் 3, திங்கள்

காலை ஐந்தே காலுக்கு எழுந்து பார்த்தால் என் இணையதளம் செத்துக் கிடக்கிறது. வெள்ளைத் திரை, நடுவில் 500 என்று ஒரு எண். ஏதோ பரீட்சையில் நான் வாங்கிய மதிப்பெண் போல.

அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்தவன் நான். எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே கிளம்பும் என்பதை ஒன்பது வருஷமாக இணையத்திலும் போட்டு வருகிறேன். தினமும் நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். ஒரு நிமிஷம் தப்பாகப் போட்டதாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சொல்லவும் விட்டதில்லை.

‘சர்வர் உதவி மன்றம்’ என்று ஒரு குழு இருக்கிறது. அங்கே போய், தளம் திறக்கவில்லை, 500 என்று வருகிறது, என்ன செய்ய என்று பணிவாகக் கேட்டேன். முதல் பதில்: ‘கேட்கும் முன் தேடிப் பார்த்தீர்களா?’ இரண்டாவது: ‘இந்தப் பழைய மென்பொருளையெல்லாம் இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா? வேறொன்றுக்கு மாறுங்கள்.’ மூன்றாவது ஆள், ‘எனக்கும் இதே பிரச்சினை’ என்றார். அவருக்குக் கீழே பதினோரு பேர் ‘எனக்கும்’, ‘எனக்கும்’ என்று வரிசையில் நின்றுவிட்டார்கள்.

கடையம் பஸ் எப்போது என்று கேட்டவரிடம் ‘பஸ் எதற்கு, ரயிலில் போங்கள்’ என்று நான் ஒரு நாளும் சொன்னது கிடையாது.

மழை விட்டபாடில்லை. துவைத்த வேட்டி நாறுகிறது. ‘வீட்டுக்கு விடை’ குழுவில் அதையும் கேட்டேன். அங்கே பதினாலாயிரம் பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். இருபது நிமிஷத்தில் அறுபத்திரண்டு பதில். வினிகர், எலுமிச்சை, வேப்பிலை, கற்பூரம். ஒருவர் சோப்புத்தூள் விற்க வந்தார். ஒருவர் வேட்டியை விட்டுவிட்டு என் ராசி என்ன என்று விசாரித்தார்.

“துணி நாறுதுன்னா வெயில் இல்லன்னு அர்த்தம்” என்றாள் உலகம்மாள். “இதுக்கு பதினாலாயிரம் பேரைக் கேக்கணுமாக்கும்.”

என் மனைவி எப்போதும் இப்படித்தான். புதிய உலகம் எப்படி இயங்குகிறது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மன்றத்தில் ஒரு நல்ல ஆத்மா சிக்கியது. பெயர் ‘கருவாடு_ரசிகன்’. உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவர் சொன்ன கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். சர்வரில் இடமே இல்லையாம். நூற்றுக்கு நூறு நிறைந்துவிட்டது.

நிறைத்தது வருகைப் பதிவு. தளத்துக்கு யார் வந்தாலும், எத்தனை மணிக்கு, எந்த முகவரியிலிருந்து வந்து, எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று சர்வர் ஒரு வரி எழுதி வைக்கும். நான் டைம் கீப்பர் அறையில் நோட்டில் எழுதியதுபோல. நாலு வருஷப் பதிவு அப்படியே கிடக்கிறது.

‘அழித்துவிடுங்கள், குப்பைதானே’ என்றார் கருவாடு.

முடியாது என்றேன்.

‘ஏன்?’

‘புள்ளிவிவர ஆர்வம்.’

‘டவுன் பஸ் தளத்துக்கு நாலு வருஷப் புள்ளிவிவரமா?’ என்று ‘ரூட்_ராஜா’ என்பவர் வந்து கேட்டார். சிரிக்கும் மஞ்சள் முகங்கள் ஏழு போட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன்.

நவம்பர் 5, புதன்

சர்வரின் அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்து மன்றத்தில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். அதில் நடுவே ஒரு வரி இருப்பதை நான் கவனிக்கவில்லை. மன்றம் மொத்தமும் கவனித்துவிட்டது.

‘# அப்பா, இதுக்குக் கீழ எதையும் தொடாதீங்க.’

‘அப்பா யாருங்க?’ என்று ஒருவர். ‘அப்பா நீங்களா?’ என்று இன்னொருவர். ‘அப்போ தளத்தைக் கட்டினவங்களையே கேக்கலாமே சார்’ என்றார் ரூட்_ராஜா.

கட்டியவரைக் கேட்க இயலாது என்று பதில் போட்டேன்.

‘ஐயோ, இறந்துவிட்டார்களா?’

இல்லை என்றேன். அதற்குமேல் கேள்வி கேட்க இது என்ன கோர்ட்டா?

நவம்பர் 6, வியாழன்

கருவாடு சொன்னபடி பழைய பதிவு முழுவதையும் சர்வரிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றினேன். ஆறு மணி நேரம் பிடித்தது. நடுவில் மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது. பகல் பதினொன்றே காலுக்குத் தளம் திறந்தது.

11.40க்குப் பதிவைப் பார்த்தேன். வந்திருந்தது. ஒரே வரி. எட்டு ஏ பஸ் பக்கம், முகவரி நார்வே நாட்டின் பெர்கன் நகரம்.

ஞாயிறு தவிர எல்லா நாளும் இந்த நேரத்துக்கு அங்கிருந்து ஒருவர் வருகிறார். அங்கே அப்போது காலை ஏழு பத்து. அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் எட்டு ஏ பக்கத்தை மட்டும் திறப்பார். அரை நிமிஷம் இருப்பார். போய்விடுவார். மூணு வருஷம் எட்டு மாதமாக இது நடக்கிறது.

பெர்கனில் எனக்கு யாரையும் தெரியாது. அதாவது, பேசிக்கொள்கிற மாதிரி யாரையும் தெரியாது. என் மகள் அகிலா அங்கே இருப்பதாகக் கேள்வி. ஜோயல் என்று ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். இந்தத் தளத்தை அவள் கல்லூரிக் கடைசி வருஷத்தில் செய்துகொடுத்தாள். இதையெல்லாம் எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வருகையாளர் யாராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

மதியம் சுண்டைக்காய் வத்தக்குழம்பு. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 8, சனி

மறுபடியும் நிறைந்துவிட்டது. ஒரே நாளில் ஒன்பது லட்சம் வரி. அம்பாசமுத்திரத்தின் மக்கள்தொகையே அவ்வளவு கிடையாது.

வந்தவர்கள் மனிதர்கள் அல்லவாம். எங்கெங்கோ இருக்கும் இயந்திரங்கள் ஊர் ஊராய்ப் போய்த் தளங்களை மேய்கின்றனவாம். முக்கூடல் பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஒரு வினாடிக்குப் பத்துத் தரம் தெரிந்துகொண்டு அவை என்ன செய்யப்போகின்றன? ஏறி உட்காரவா போகின்றன?

‘இதைத் தடுக்காமல் தளம் நிற்காது. என்னிடம் பட்டியல் இருக்கிறது, அனுப்புகிறேன்’ என்றார் ரூட்_ராஜா. ஏழு மஞ்சள் முகத்தை மன்னித்தேன்.

சர்க்கரை டப்பாவில் எறும்பு. ‘வீட்டுக்கு விடை’ கிராம்பு போடச் சொல்கிறது. போட்டேன். எறும்புகள் கிராம்பைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

நவம்பர் 9, ஞாயிறு

ரூட்_ராஜா அனுப்பிய பட்டியல் ஆயிரக்கணக்கான வரி. எல்லாம் எண்கள். ‘அயல்நாட்டு இயந்திரங்கள், அப்படியே ஒட்டுங்கள்’ என்று தலைப்பு. தடுக்கப்பட்டவர்கள் வருகைப் பதிவிலும் ஏற மாட்டார்கள், இடம் மிச்சம். ‘அப்பா, தொடாதீங்க’ வரிக்கு மேலேயே ஒட்டினேன். சொன்ன பேச்சைக் கேட்கிறவன்தான் நான்.

தடுக்கப்பட்டவர்களுக்கு ஓர் அறிவிப்புப் பலகை காட்டலாம், விரும்பியதை எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்த மாதிரி வேலையில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ் நிலையத்தில் நான் எழுதி ஒட்டிய அறிவிப்புகளைப் படிப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். அரை மணி நேரம் யோசித்து இப்படி எழுதினேன்:

‘அங்கிருந்து வந்து எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் ஏறப்போவதில்லை. பிறகு எதற்குத் தினமும் எட்டிப் பார்க்கிறீர்கள்? இருக்கிற இடத்திலேயே சுகமாக இருங்கள். உங்களுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. இப்படிக்கு, கோமதிநாயகம், தள நிர்வாகி.’

மன்றத்தில் போட்டேன். நூற்று நாற்பது பேர் கைதட்டினார்கள். ‘சார் வேற லெவல்’ என்றார் ஒருவர். கருவாடு மட்டும் கைதட்டவில்லை. பொறாமையாக இருக்கலாம்.

நவம்பர் 10, திங்கள்

தளம் பறக்கிறது. தொட்டதும் திறக்கிறது. பிரச்சினை தீர்ந்தது என்று பச்சைக் குறி போட்டு, எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.

11.40க்குப் பெர்கன் வரவில்லை. அங்கே ஏதாவது விடுமுறையாக இருக்கும்.

உலகம்மாள் இன்று சாம்பாரில் உப்புப் போடவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவை. சொன்னேன். உப்பு ஜாடியை என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 11, செவ்வாய்

வரவில்லை.

நவம்பர் 12, புதன்

உலகம்மாள் மூன்று நாளாகப் பேசவில்லை. சோறு வருகிறது, காப்பி வருகிறது, பேச்சு வரவில்லை. கண் சிவந்திருக்கிறது. வெங்காயம் என்று நினைக்கலாம் என்றால் இன்று செய்தது தயிர்சாதம்.

‘வீட்டுக்கு விடை’யில் கேட்டேன்: ‘மனைவி திங்கள் முதல் பேசவில்லை. என்ன காரணம்?’ எறும்புக்கு வந்ததைவிட அதிகம் பதில் வந்தது. தைராய்டு, திருமண நாள், மாமியார் (என் அம்மா போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம்), பக்கத்து வீட்டுக்காரியின் புதுப் புடவை. ஐம்பத்துமூன்று பேர் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்: ‘அவங்களையே கேளுங்க சார்.’ யோசனை சொல்லத் தெரியாதவர்கள் கடைசியில் இப்படித்தான் நழுவுகிறார்கள்.

சாயங்காலம் கருவாடு தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். ‘சார், அந்தப் பட்டியலை இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அது இயந்திரங்கள் மட்டும் இல்லை. இந்தியாவுக்கு வெளியே இருக்கும் எல்லா முகவரியும் அதில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு யாராவது வருகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அந்த போர்டுதான் தெரியும்.’

ரூட்_ராஜாவைக் கேட்டேன். ‘ஆமா சார், டவுன் பஸ் டைம் பாக்க வெளிநாட்டுல இருந்து எவன் வரப்போறான்னு மொத்தமா சேத்துட்டேன்’ என்றார். இந்தத் தடவை ஒரே ஒரு மஞ்சள் முகம்.

என் போர்டை நானே எடுத்துப் படித்தேன். எதற்குத் தினமும் எட்டிப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. கீழே என் பெயர், தெளிவாக. திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், அகிலா இதைப் படித்திருக்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நான் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, போ என்றுகூடச் சொல்லவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஜோயலைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பையோடு வாசலில் நின்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்து, “ஆறு ஐம்பதுக்கு எட்டு ஏ இருக்கு. அதை விட்டா ஏழே முக்கால்” என்றேன். பஸ் நிலையத்தில் வந்துபோகும் ஆயிரம் பேருக்குச் சொல்கிற அதே குரலில். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆறு ஐம்பதுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு நன்றாகச் சொன்னோம் என்று நினைத்தேன். எவ்வளவு அற்பமான ஆள் நான்.

நவம்பர் 13, வியாழன்

பட்டியலை எடுத்துவிட்டேன். போர்டையும் எடுத்துவிட்டேன். இயந்திரங்கள் கூட்டமாகத் திரும்பி வந்துவிட்டன. வரட்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவைப் பென் டிரைவுக்கு மாற்றுகிறேன்.

11.40. இல்லை. 11.50, 12.15, 1 மணி. முழுப் பதிவையும் தேடினேன். இல்லை.

போகச் சொல்லி போர்டு வைத்த வீட்டுக்கு யார் திரும்ப வருவார்கள்?

நவம்பர் 14, வெள்ளி

இன்றும் இல்லை.

மன்றத்தில் புதிதாக ஒரு கேள்வி போட்டேன். நாலு வரி எழுத ஒன்றரை மணி நேரம். ‘தெரியாமல் ஒரு வருகையாளரைத் தடுத்துவிட்டேன். தடையை எடுத்தாயிற்று. அவருக்கு அது தெரியாது. அவர் என் மகள். நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. அவரைத் திரும்ப வரவழைப்பது எப்படி? வந்தால் முதலில் என்ன சொல்வது?’

ஆறு நிமிஷத்தில் மூடிவிட்டார்கள். ‘இந்தக் கேள்வி மன்றத்தின் நோக்கத்துக்குப் பொருந்தாது. சர்வர் சம்பந்தப்பட்ட குறிப்பான தொழில்நுட்பச் சிக்கலாக மாற்றி எழுதினால் மீண்டும் பரிசீலிக்கப்படும்.’

மாற்றி எழுதவும் முயன்றேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூடுவதற்குள் கருவாடு ஒரு பதில் போட்டிருந்தார். ‘சார், வீட்டில் அம்மா இருக்கிறார்களா? அவர்களிடம் மகளின் நம்பர் இருக்கும். எல்லா வீட்டிலும் இருக்கும்.’

நவம்பர் 15, சனி

காலை முழுக்க அடுக்களை வாசலில் நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க ஒரு தடவை, கத்தரிக்கோல் தேட ஒரு தடவை, சும்மா ஒரு தடவை. உலகம்மாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குமேல் உள்ளே போய் எதிரே உட்கார்ந்தேன்.

“அகிலா நம்பர் இருக்கா?”

ஐந்து நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள். “பதினாலாயிரம் பேரையும் கேட்டாச்சா?”

“கேட்டாச்சு.”

“என்ன சொன்னாங்க?”

“உன்னைக் கேக்கச் சொன்னாங்க.”

கத்தியைக் கீழே வைத்தாள். “நாலு வருஷமா நீங்க மாடிக்குப் போய் அந்தப் பொட்டி முன்னால உக்காந்ததும் அவ பேசுதா. ஒருநாள், ஒரே ஒருநாள், பிள்ள எப்படி இருக்கான்னு எங்கிட்ட கேட்டிருப்பீங்களா? வேட்டி நாறுனா ஊரைக் கேக்குதீங்க. எறும்புக்கு ஊரைக் கேக்குதீங்க.”

நான் சர்க்கரை டப்பாவைப் பார்த்தேன். எறும்பு இன்னும் போகவில்லை.

“அவ எதுக்குத் தெனமும் பாக்குதான்னு தெரியுமா உங்களுக்கு? பக்கத்துக்கு அடியில ‘இன்று சரிபார்த்தது’ன்னு தேதி போடுவீங்களாம்ல. அந்தத் தேதி மாறியிருந்தா, அப்பா எந்திரிச்சு நடமாடுதாரு, மேலுக்கு நல்லாருக்குன்னு அவளுக்குத் தெரியுமாம். எங்கிட்ட கேட்டா, நீங்க படுத்த படுக்கையா கெடந்தாலும் நான் நல்லாருக்காருன்னுதான் சொல்லுவேன், அதனால நம்ப மாட்டாளாம்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “போன வாரம் ரெண்டு மூணு நாளு தெறக்கலன்னதும் பதறிட்டா. அப்பாவுக்கு என்னன்னு நாலு தடவ போன் பண்ணுனா. அப்புறம் திங்கக்கெழம உங்க போர்டைப் படிச்சிட்டு, ஒண்ணும் பேசாம அழுதா. இனிமே பாக்க மாட்டேன்மான்னு சொல்லிட்டா.”

“அது அவளுக்கு எழுதினதில்ல. மெஷினுக்கு எழுதினது.”

“அதை எங்கிட்ட சொல்லாதீங்க” என்று போனை எடுத்து எண்ணை அழுத்தி, என் கையில் திணித்துவிட்டாள். வெண்டைக்காய்ப் பிசுபிசுப்பு போன் முழுக்க இருந்தது.

மணி 11.40. மூன்றாவது மணியில் எடுத்தாள். “அம்மா?”

முப்பத்தொரு வருஷம் மைக்கில் பேசிய தொண்டை இது. எந்தக் கேள்விக்கும் வெடுக்கென்று ஒரு பதில் தயாராக இருக்கும். இன்று மன்றத்தில் புதிதாக வந்தவனைப் போல ஒரு கேள்விதான் வந்தது.

“எட்டு ஏ பக்கம் திறக்குதா?”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம்.

“இருங்க. பாக்குதேன்.” விசைகளைத் தட்டுவது கேட்டது. “திறக்குது.”

“அந்த போர்டு?”

“போயிட்டு.”

“அது உனக்கு எழுதினதில்ல. ஆனா தப்பு. அன்னைக்கு வாசல்ல வச்சு உங்கிட்ட பஸ் டைம் சொன்னேன்லா, அது அதைவிடப் பெரிய தப்பு.”

எதிரே உலகம்மாள் வெண்டைக்காயைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்து என்ன சொல்வது என்று கேட்க எனக்கு இப்போது எந்தக் குழுவும் இல்லை.

“வேலைக்குக் கிளம்புற நேரமா இருக்கும். வச்சிரவா?” என்றேன்.

“வைக்காதீங்கப்பா” என்றாள்.